மதினி ஒளித்து வைத்த டப்பா

அடுப்புச் சூட்டில் முகம் சிவந்து, கையில் பால் கிண்டும் துடுப்போடு என் நினைப்பில் நின்றுகொண்டே இருக்கும் ரெங்கநாயகி மதினிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "போன எடத்துல என்னத்தட்டி நலம், இங்க ஒரு அடுப்பு உண்டா, எரும உண்டா?" என்று என்னையே மடக்குவீர்கள். அதனால் நம் வீட்டு நலத்தைச் சொல்கிறேன். அண்ணன் பட்டாளத்தை விட்டு வந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் எருமையை இப்போது அண்ணன்தான் கறக்கிறார். முதல் ஒரு மாதம் அது அவரை அண்டவே விடவில்லை. பிறகு உங்கள் பழைய பச்சைச் சுங்குடிச் சேலையைத் தோளில் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். பால் இறங்கிவிட்டது. துவைத்தால் மறுபடி உதைக்கும் என்று அந்தச் சேலையைத் துவைக்கவே விடுவதில்லை. பட்டாளத்து மீசையும் சுங்குடிச் சேலையுமாக அவர் தொழுவத்துக்குப் போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். நானும் ஒரு நாள் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நான் இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். காலையில் ராஜபாளையத்தில் கல்லூரி பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். பால்கோவாக் கடைகளைத் தாண்டும்போது பிள்ளைகள் தங்கள் பேச்சில் இருப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடை அடுப்பில் பால் சுண்டும் வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொள்வேன். உங்கள் பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும். அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

போன வாரம் வகுப்பில் கதிர்வீச்சு கொழுப்பை என்ன செய்யும் என்ற பாடம். எழுதி முடித்துத் திரும்பினேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், கதிர் பட்டாக் கொழுப்பு கெட்டுப்போகுதுன்னு சொல்றீங்க. அதே கதிர ஆஸ்பத்திரியில மனுசங்களுக்கு வைக்காங்க. அங்க கெடுக்காதா?" "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பலகையைத் துடைத்தேன். மதினி, அது உங்கள் கேள்வி அல்லவா? அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்தேன், ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகையில் போடக் கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். அதற்கு நீங்கள் அழுத அழுகையைப் பார்த்தால் கப்பல் ஏற்றி அனுப்பியது போல இருந்தது. கல்யாணமாகி முப்பதாவது நாள் அண்ணன் எல்லைக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு முறை விடுமுறை. பிள்ளை என்று ஒன்று வாய்க்கவில்லை. நான் மதுரையில் தங்கி ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன், சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவேன். உங்களுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நாத்தனாரும் மதினியும் முட்டிக்கொள்வார்கள் என்று தெரு எதிர்பார்த்தது. நாம் அடுப்படியில் உட்கார்ந்து ஊரையே கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

பருத்தி மில்லும், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பட்டறையும் உள்ள ஊர் ஆனதால் எருமைக்குப் பருத்திக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்து ஆட்டி நீங்கள் வைத்த வைப்பில் பால் திக்காக இறங்கும். அதைச் சர்க்கரையோடு வாணலியில் ஏற்றி, ஓரத்தில் நெய் கசிகிறவரை கிண்டி, மணல் மணலாகப் பால்கோவா எடுப்பீர்கள். அண்ணனுக்குப் பார்சல் போகும். அது மலையும் பனியும் தாண்டிப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும்.

ஒரு தடவை அண்ணன் எழுதியிருந்தார்: "டப்பாவைத் திறந்தோம், பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. மேலாகச் சுரண்டிப் போட்டுவிட்டுத் தின்றோம்." கடிதத்தை மடித்து மடித்து அது விரல் நகம் அளவுக்கு ஆகிவிட்டது உங்கள் கையில். "பூசணம் புடிச்சத சுரண்டித் தின்னுருக்காவ அவிய. வயித்துக்கு ஏதும் ஆச்சுன்னா?" என்றீர்கள். அழவில்லை. துடுப்பைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டீர்கள்.

அப்போது எனக்கு இருந்த மண்டைக்கனம் உங்களுக்குத் தெரியும். மதுரையில் என் ஆய்வகத்தில் ஒரு கோபால்ட் பெட்டி இருந்தது. ஈயச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத காமா கதிர். பருத்திக்கொட்டை எண்ணெயை அதற்குள் வைத்து, எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. தொழுவத்துக்கு வந்து, "நான் பார்த்துக்கிறேன் மதினி. கதிர் வச்சா ஒரு கிருமி மிஞ்சாது" என்று அள்ளிவிட்டேன்.

"சூடு உண்டா?"

"கிடையாது."

"சூடு இல்லாம எப்பிடிட்டி சாகும்?"

"வெளிச்சம் மாதிரி அதுபாட்டுக்கு ஊடுருவிப் போகும். போற வழியில கிருமிய அடிச்சுட்டுப் போயிரும்."

"போற வழியில பால்கோவாவும்தான இருக்கு. அத ஒண்ணும் செய்யாதா?"

"ஒண்ணும் செய்யாது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் எண்ணெயை அது என்ன பாடுபடுத்துகிறது என்று ஆறு மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள்தானே நான்?

நான்கு பால்பவுடர் டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் காய வைத்தீர்கள். நிரப்பும்போது நான் கரண்டியால் அமுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டீர்கள். "அமுக்காத, மணல் போயிரும். மேல ரெண்டு வெரல் எடம் விடு. அதுவும் செத்த நேரம் மூச்சு விடட்டும்." உங்கள் அம்மா வீட்டுப் பழக்கம் அது. சூடு அடங்காமல் நிறைத்து மூடினால் வியர்த்து, நீர் சொட்டிக் கெட்டுப்போகும் என்பார்கள். ஆறினதும் நான் மூடிக்கு மெழுகு வைத்து அடைத்தேன். மூன்று டப்பாவை எடுத்துக்கொண்டேன். நான்காவதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது அத்தைக்கு" என்றீர்கள்.

ஆய்வகத்தில் என் எண்ணெய்க்கு என்ன மரியாதை தெரியுமா? கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நைட்ரஜன் வாயுவைக் குமிழியிட விட்டு உள்ளிருக்கும் காற்றையெல்லாம் விரட்டி, நெருப்பில் வாயை உருக்கி அடைத்து, பனிக்கட்டியில் நிறுத்தித்தான் கதிருக்குள் அனுப்புவேன். உங்கள் டப்பாவுக்கு அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பேராசிரியரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன், டப்பாவைத் தூக்கி வைத்தேன், வெளியே எடுத்தேன். எண்ணெய் எனக்கு ஆராய்ச்சிப் பொருள், பால்கோவா வீட்டுப் பலகாரம். அதற்குள்ளும் அதே கொழுப்புதான் இருக்கிறது என்று படித்த மண்டையில் ஏறவில்லை.

இரண்டு டப்பா அண்ணனுக்குப் போயிற்று. ஒன்றை வீட்டில் வைத்து, இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் திறந்தோம். பூஞ்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பதற்குள் வாடை வந்துவிட்டது. நாள்பட்ட விளக்கில் திரியோடு கிடக்கும் எண்ணெயின் காறல், அதற்கு அடியில் ஆட்டுக் கொழுப்பு மாதிரி ஒரு கனத்த வீச்சம். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டீர்கள். துப்பவில்லை. மெதுவாக விழுங்கினீர்கள்.

"என்னத்தட்டி இது? பால்ல கோளாறா? என் கைப்பக்குவம் போச்சா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது என்று. சொல்லவில்லை. "பருத்திக்கொட்டை கூடிப்போச்சு மதினி. பால்ல கொழுப்பு அதிகம், அதான் காறிருச்சு" என்று சப்பைக்கட்டு கட்டினேன். நீங்கள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தீர்கள். "அப்பிடியா. சரி, கொறச்சிருவோம்" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து எருமைக்குப் பருத்திக்கொட்டை பாதியாயிற்று. பால் தண்ணீராகிவிட்டது. காப்பி நன்றாக இல்லை என்று அம்மா உங்களை ஏசினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் காப்பியை நானும் குடித்தேன், பேசாமல். அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது: "பால்கோவா அருமை. எல்லாருக்கும் கொடுத்தேன்." அதைப் படித்து எனக்குப் பாதி நிம்மதி. குளிரில் அங்கே கெடாமல் இருந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அப்படியே ஏழு வருடம் போயிற்று. பட்டம் வாங்கிய பிறகும் நான் அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்துகொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் இடது மார்பில் கட்டி. மதுரையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மிச்சம் மீதி இருந்தால் அதைக் கொல்ல ஐந்து வாரம் கோபால்ட் கதிர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அறுத்தபோது ஒரு சொல் சொல்லாத நீங்கள், கதிர் என்றதும் முடியாது என்றுவிட்டீர்கள். காரணம் கேட்டால் சுவரைப் பார்த்தீர்கள். அம்மா கும்பிட்டுக் கேட்டாள். அண்ணன் எல்லையிலிருந்து போனில் கத்தினார். கடைசியில் என் தொந்தரவு தாங்காமல் வருகிறேன் என்றீர்கள். மதுரை பஸ் ஏறினோம்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்குள் நுழைந்து நின்றதும், பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினீர்கள். தண்ணீர் வாங்கத்தான் என்று நினைத்தேன். பஸ் கிளம்பும்வரை நீங்கள் திரும்பவில்லை. நான் குதித்து ஓடி வந்தேன். பால்கோவாக் கடைக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில், பிறந்த ஊருக்கு வந்துவிட்ட நிம்மதியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"நீ போ. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

"மதினி, வெளையாடுற விசயமா இது? ஆஸ்பத்திரியில பேரு எழுதியாச்சு."

"அன்னிக்கு நாலு டப்பா அடைச்சோமே, ஞாபகம் இருக்கா?"

நான் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாலாவத அத்தைக்கு வைக்கல. பரண்ல ஒளிச்சு வச்சேன். நீ அந்த டப்பாவத் தொறந்து காட்டிட்டு மதுரைக்குப் போன பொறவு, அதையும் எறக்கித் தொறந்தேன். ஒரே பாலு, ஒரே அடுப்பு, ஒரே கை. கதிர் மட்டும்தான் படல. பூசணம் இம்புட்டு உயரத்துக்கு நின்னுச்சு. ஆனா காறல் இல்லட்டி. துளி காறல் இல்ல."

என் ஆராய்ச்சியில் எதையும் தீர்மானிக்கும் முன் கதிர் படாத ஒரு குழாயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். நான் உங்கள் பால்கோவாவுக்கு அதைச் செய்யவில்லை. நீங்கள் பரணில் செய்து வைத்திருந்தீர்கள்.

"ஏன் மதினி அப்பவே என்னைக் கேக்கல?"

"உன் மூஞ்சி தொங்கிப் போச்சு. படிக்கிற புள்ள, எங்கிட்டத் தோத்துப்போனா நல்லாவா இருக்கும்?"

"அப்போ பருத்திக்கொட்டைய ஏன் கொறச்சீங்க?"

"கொறைக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ கண்டுபிடிச்சிருவியே."

ஏழு வருடம். என் பொய்யைக் காப்பாற்ற ஏழு வருடம் எருமையைப் பட்டினி போட்டு, அம்மாவிடம் ஏச்சு வாங்கி, தண்ணீர்க் காப்பி குடித்திருக்கிறீர்கள். மதினி, உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பிறகு நீங்கள் சொன்னதுதான் என்னைப் போட்டு அடித்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னீர்கள்: "இந்த எடத்துல இருக்கது அம்புட்டும் கொழுப்புதான? அந்தக் கதிர் எம்மேலயும் பட்டா நானும் காறிப்போயிர மாட்டனா? லீவுல வாரப்ப அவியளுக்குப் பக்கத்துல எப்பிடிட்டிப் போவேன்?"

நான் அழுதேன். பஸ் நிலையத்தில் ஆட்கள் பார்த்தார்கள். நீங்கள்தான் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தீர்கள். பிறகு நான் பொய்யை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். அதை இங்கே மறுபடி சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்காகவும்.

கொழுப்பு என்பது ஒரு முளையில் கட்டிய மூன்று நீளக் கயிறு. அந்தக் கயிறுகள்தான் கொழுப்பு அமிலங்கள். கார்பன் என்னும் கரி அணுக்கள் ஒன்றையொன்று கைபிடித்து நிற்கும் நீள வரிசை. கதிர் போகிற போக்கில் எங்கோ ஒரு பிடியைத் தட்டிவிடுகிறது. கை வெறுமையாகிவிட்ட அணு சும்மா நிற்காது, கிடைத்ததைப் பிடிக்கும். பக்கத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இருந்தால் அதைப் பிடிக்கும். பிடித்த பிறகும் அடங்காமல் அடுத்த கயிற்றிலிருந்து ஒன்றைப் பிடுங்கும். அதன் கை வெறுமையாகும். அது அதற்கு அடுத்ததை. கதிரை எடுத்த பிறகும் இது டப்பாவுக்குள் நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் கயிறுகள் துண்டு துண்டாகி, அந்தக் குட்டித் துண்டுகள்தான் காறலாக மூக்கில் ஏறுகின்றன.

காற்றே இல்லாவிட்டால் வேறு கதை. அப்போதும் கயிறு அறும், பெரும்பாலும் முளைக்குப் பக்கத்தில். ஒன்றிரண்டு அணு குறைந்த துண்டுகள் விழும். சில கயிறுகள் நாலு அணுவில் ஒரு சின்ன வளையமாகச் சுருண்டுகொள்ளும். அடுப்பில் எவ்வளவு காய்ச்சினாலும் அந்த வளையம் வருவதில்லை என்றுதான் நாங்கள் படித்தோம், கதிர் பட்டதற்கு அதுவே அடையாளம். ஆனால் ஒன்று மற்றொன்றைப் பிடுங்கும் அந்தக் கலவரம் நடக்காது. பனிக்கட்டியில் வைத்தால் இன்னும் குறையும், அசைய முடியாதல்லவா.

நீங்கள் விட்ட இரண்டு விரல் இடமும், அமுக்காமல் விட்ட மணலுக்கு இடையிலிருந்த காற்றும்தான் வேலையைக் காட்டியது. அந்தக் காற்றை வெளியேற்றியிருக்க வேண்டியவள் நான். "உங்க கையில கோளாறு இல்ல, பால்ல இல்ல, எருமையில இல்ல. எம்மேலதான் தப்பு" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஆனால் விடுகிற ஆளா நீங்கள்?

"எனக்குள்ளயும் காத்து இருக்கே."

"இருக்கு. ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா டப்பாவுக்கு வச்சதுல ஆயிரத்துல ஒரு பங்குகூட ஒரு நாளைக்கு உங்களுக்கு வைக்க மாட்டாங்க. அதுபோக, உசுருள்ள ஒடம்புல காவல் உண்டு. வெறுங்கையோட அலையிறதப் புடிச்சு அடக்குற சத்துகள் இருக்கு. டப்பாவுக்குள்ள யாரு இருக்கா?"

"கட்டிக்கும் காவல் இருக்கும்ல?"

"இருக்கும். அது அடிய வாங்குனா எந்திரிக்கிறது கஷ்டம். நல்ல சதை ராத்திரிக்குள்ள தன்னச் சரிபண்ணிக்கும். இன்னொண்ணு மதினி, காத்து இருக்க எடத்துலதான் கதிருக்கு வேகம் கூட. டப்பாவக் கெடுத்த அதே காத்துதான் அங்க கட்டியக் கொல்லுறதுக்கு ஒதவும்."

"சரி, நான் பொழைச்சிருவனா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னொரு பருத்திக்கொட்டை. விழுங்கினேன்.

"தெரியல மதினி. கதிர் வச்சா வாய்ப்பு கூட. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

எதிர்க்கடையில் கிண்டுகிறவர் வாணலியை இறக்குவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னிக்குத்தாண்டி நீ படிச்ச புள்ள மாதிரிப் பேசுற" என்றீர்கள். எழுந்து பையைத் தோளில் மாட்டினீர்கள். "அடுத்த மதுரை வண்டி எப்போன்னு கேளு."

மதுரையில் என் அறையில் ஐந்து வாரம் இருந்தோம். உங்கள் நெஞ்சில் ஊதா மையில் கோடு போட்டு, அழிக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது என்றார்கள். "கோலம் போட்டு விட்டுருக்காவ, மிதிச்சிராத" என்று என்னைத் தள்ளிப் படுக்கச் சொன்னீர்கள். முதல் நாள் கதிர் அறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். வெளியே வந்த ஊழியர், "உள்ள படுத்திருக்கவங்க யாரு, உங்க அக்காவா? மூச்ச இப்பிடி இழுத்து இழுத்து விட்டா நெஞ்சு அசையும்மா, சாதாரணமா விடச் சொல்லுங்க" என்றார். நீங்கள் வெளியே வந்ததும் கேட்டேன். "காத்து உள்ள போனாத்தான கட்டி சாகும்? அதான் நெறைய இழுத்தேன்" என்றீர்கள்.

ஒவ்வொரு நாளும் அறைக்கு வந்ததும் தோளைக் காட்டி, "மோந்து பாரு" என்பீர்கள். நான் மோந்து பார்ப்பேன். "வேர்வை" என்பேன். "பொய் சொல்லல்ல?" "இல்ல மதினி." தோல் கறுத்து உரிந்தது, சோறு இறங்கவில்லை, ஒரு நாள் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டீர்கள். காறல் வரவில்லை. கடைசி நாள் நீங்களே உங்கள் கையை மோந்து பார்த்துக்கொண்டு, "பால் வாடைகூடப் போயிருச்சேட்டி" என்று குறைப்பட்டீர்கள்.

அதற்குப் பிறகு கிடைத்த நாள்கள் இரண்டு வருடம். எருமைக்குப் பருத்திக்கொட்டை பழையபடி நிறைந்தது. அண்ணன் விடுமுறையில் வந்தபோது நீங்கள் பூ வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பு ஒரே ஒரு நாள் உதவியது என்றால் அது அன்றுதான்.

அவர் திரும்பிப் போனதும் என்னிடம் சொன்னீர்கள்: "இப்போ ஒழுங்காச் செய்வோம். காத்து இல்லாம ஒரு டப்பா அவியளுக்கு." துடுப்பின் முதுகால் பால்கோவாவை அமுக்கி அமுக்கி விளிம்புவரை நிரப்பினீர்கள். "மனசில்லாமத்தான் அமுக்குறேன். மணல் போகுது பாரு." நான் நைட்ரஜன் விட்டு அடைத்து, பனிக்கட்டியில் வைத்துக் கதிருக்கு அனுப்பினேன். இன்னொன்றையும் அதே மாதிரி நிரப்பி என் கையில் கொடுத்தீர்கள். "இதுக்குக் கதிர் காட்டாத. ரெண்டையும் தொறந்து பாத்துட்டுத்தான் அவியளுக்குச் செஞ்சு அனுப்பணும். நீ சொன்னா மட்டும் நம்ப மாட்டேன்."

திறக்கவில்லை. அதற்குள் வலி முதுகெலும்புக்கு வந்துவிட்டது. அண்ணன் பட்டாளத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் நீங்கள் போனீர்கள். பார்சல் போக வேண்டிய இடத்திலிருந்து ஆளே வந்துவிட்டார், டப்பாக்கள் மட்டும் மதுரை ஆய்வகத்து ஃப்ரீசரிலேயே இருந்தன. வேலை கிடைத்தபோது என்னோடு எடுத்து வந்து, கல்லூரி ஆய்வகத்தின் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். கரண்டு போகும்போதெல்லாம் வகுப்பை விட்டு ஓடுகிறேன். பிள்ளைகள் ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் அண்ணனிடம் அந்தப் பழைய இரண்டு டப்பாவைப் பற்றிக் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டார்: "வாயில வைக்க முடியல சாந்தி. சாமான் சுமக்குற கோவேறு கழுதைக்கு வச்சேன், அதுவும் மொகத்தத் திருப்பிருச்சு. ரெங்கு மனசு கஷ்டப்படுமேன்னு அருமைன்னு எழுதிட்டேன்." நம் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் மனசு நோகக்கூடாதென்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லி, ஏழு வருடம் கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாளே பதில் சொல்லிவிட்டேன். பஸ் நிலைய பெஞ்சில் உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். முடிவில் தெரியாததையும் தெரியாது என்றேன். பரணில் ஒளித்து வைத்த டப்பாவைப் பற்றியும் சொன்னேன். "யாரு மேடம் அவங்க, எங்க படிச்சாங்க?" என்று கேட்டாள். "எங்க மதினி" என்றேன்.

இப்போது உங்களிடம் சொல்ல வேண்டியது. அந்த டப்பாவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. அண்ணனும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். "தொறக்காதவரைக்கும் நல்லாத்தான இருக்கு" என்கிறார். உங்கள் கை அமுக்கியது அமுக்கியபடி அதற்குள் இருக்கும். துடுப்பின் தடம்கூட இருக்கலாம். திறந்த நிமிடம் காற்று உள்ளே போய்விடும். அது என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கும் நாள்களில் ஃப்ரீசர் கதவைத் திறந்து, டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். விரல் மரத்துப்போனதும் மூடிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன சோதனையை முடிக்காமல் வைத்திருப்பதும் ஒரு பொய்தான் இல்லையா?

வருகிற ஆடிப்பூரத்துக்கு மறுநாள் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். முதலில் கதிர் படாதது, பிறகு கதிர் பட்டது. அண்ணன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். திறக்கும் முன் நீங்கள் அந்த அறையில் படுத்துக்கொண்டு இழுத்த மாதிரி மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வேன். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, நீங்கள் அன்று விழுங்கியது போல மெதுவாக விழுங்குவேன். காறியிருந்தால் காறிவிட்டது என்று அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். எதுவானாலும் சாயங்காலம் தொழுவத்துக்கு வந்து, அந்தச் சுங்குடிச் சேலைப் பக்கம் திரும்பி, உங்களிடமும் இருக்கிறபடி சொல்வேன். இது சத்தியம்.

உங்களிடம் பருத்திக்கொட்டைப் பொய் சொல்லி, அதற்கு ஏழு வருடம் தண்ணீர்க் காப்பி குடித்த
உங்கள் நாத்தனார்,
சாந்தி